ஓர் இருப்புப் பதிவேடும் அதன் ஓரங்களும்: விரிதாள் அச்சமைப்பு குறித்த நிகழ்வு ஆய்வு

ஓர் அலுவலகம் மாதந்தோறும் எக்ஸெல்லில் தயாரித்து, அச்சிட்டு, பொறுப்பாளரின் ஒப்பம் பெற்று, துளையிட்டுக் கோப்பில் சேர்க்கும் பொருள் இருப்புப் பதிவேடு இங்கே ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளது. பதிவேட்டில் 14 நெடுவரிசைகள் உள்ளன. வரிசைகள் 244. மேலே பதிவேட்டின் பெயருக்கும் மாதத்துக்கும் 2, நெடுவரிசைத் தலைப்புகளுக்கு 2, பொருள்களுக்கு 238, இறுதியில் மொத்தத்துக்கு ஒன்று, ஒப்பத்துக்கு ஒன்று. வரிசையின் உயரம் எல்லா இடத்திலும் 15 பாயிண்ட், அதாவது ஏறத்தாழ 5.29 மி.மீ. தாள் ஏ4, கிடைமட்டமாக அச்சிடப்படுகிறது.

எழுந்த புகார் எளிமையானது. 'குறிப்பு' என்ற கடைசி நெடுவரிசை மட்டும் தனித் தாள்களில் வந்தது. 8 பக்கங்களில் முடிய வேண்டிய பதிவேடு 16 பக்கங்களாக நீண்டது. எக்ஸெல்லின் இயல்பான பக்க வரிசை மேலிருந்து கீழாகச் சென்று பிறகு வலப்புறம் நகர்வதால், முதல் 8 பக்கங்களில் பொருள்களும் அடுத்த 8 பக்கங்களில் எந்தப் பொருளுக்கு உரியவை என்று தெரியாத குறிப்புகளும் இருந்தன. இந்தப் புகாரைத் தீர்க்க ஒருவர் மாற்றி ஒருவர் செய்த திருத்தங்களால் புதிய புகார்கள் பிறந்தன. அவை பிறந்த விதத்தில்தான் ஓர இடைவெளியைப் பற்றிக் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

பற்றாக்குறை எவ்வளவு

எக்ஸெல்லில் 'பேஜ் லேஅவுட்' பார்வைக்கு மாறினால் நெடுவரிசைகளின் அகலம் எழுத்து எண்ணிக்கையில் காட்டப்படாமல் செ.மீ. அல்லது அங்குலத்தில் காட்டப்படும். அந்த அளவுகளைக் கூட்டியபோது அட்டவணையின் மொத்த அகலம் 268 மி.மீ. என்று தெரிந்தது. கிடைமட்ட ஏ4 தாளின் அகலம் 297 மி.மீ. எக்ஸெல்லின் 'நார்மல்' மார்ஜின், அதாவது இயல்பான ஓர இடைவெளி, இடப்புறத்திலும் வலப்புறத்திலும் 0.7 அங்குலம், அதாவது 17.8 மி.மீ. இரண்டு பக்கமும் போக மிஞ்சுவது சுமார் 261.4 மி.மீ. ஆகவே அட்டவணை 6.6 மி.மீ. அளவுக்கு நீண்டிருந்தது; எக்ஸெல் ஒரு நெடுவரிசையை நடுவில் வெட்டுவதில்லை என்பதால், இந்தச் சிறு மிகுதிக்காகக் கடைசி நெடுவரிசை முழுவதையும் அடுத்த தாளுக்கு அனுப்பிவிட்டது.

விகிதமாகப் பார்த்தால் 261.4-ஐ 268-ஆல் வகுக்கக் கிடைப்பது 0.975. அச்சளவை 97 விழுக்காட்டுக்குக் குறைத்திருந்தாலே போதும். 11 பாயிண்ட் எழுத்து 10.7 பாயிண்ட் ஆகியிருக்கும். படிப்பவர் யாரும் வித்தியாசத்தைக் கண்டிருக்க மாட்டார்கள். ஆனால் இந்த வகுத்தலை யாரும் செய்யவில்லை. இது வியப்புக்குரியதும் அல்ல. திரையில் புள்ளிக்கோடாகத் தெரியும் பக்க எல்லை, எத்தனை நெடுவரிசை வெளியே நிற்கிறது என்பதைக் காட்டுகிறதே தவிர எத்தனை மி.மீ. குறைகிறது என்பதைச் சொல்வதில்லை. குறை பெரிதென்று நினைப்பவர் பெரிய மருந்தைத் தேடுவார்.

செய்துபார்த்த திருத்தங்கள்

முதலில் ஒருவர் அச்சுத் திரையில் இருந்த 'ஃபிட் ஷீட் ஆன் ஒன் பேஜ்' என்பதைத் தேர்ந்தெடுத்தார். முழு விரிதாளையும் ஒரே பக்கத்தில் அடக்கும் கட்டளை அது. 244 வரிசைகளின் மொத்த உயரம் சுமார் 1,291 மி.மீ.; மேலும் கீழும் 0.75 அங்குலம் போகப் பக்கத்தில் இருக்கும் உயரம் 172 மி.மீ. எனவே அச்சளவு 13 விழுக்காடாக இறங்கி, எழுத்து ஒன்றரைப் பாயிண்டுக்கும் கீழே போனது. பட்டியல் ஒரே பக்கத்தில் அடங்கியது உண்மைதான். அதை உருப்பெருக்கி இல்லாமல் படிக்க முடியாது என்பதும் உண்மை. அவர் தேடியது அதற்கு அடுத்த வரியிலேயே இருந்தது: எல்லா நெடுவரிசைகளையும் ஒரு பக்க அகலத்தில் அடக்கும் கட்டளை, உயரத்தை அதன் போக்கில் விட்டுவிடும். பக்க அமைப்புப் பெட்டியில் இதையே அகலம் 1 என்று இட்டு உயரத்தின் கட்டத்தைக் காலியாக விடுவதன் மூலம் பெறலாம்.

அந்த அனுபவத்துக்குப் பிறகு அச்சளவைக் குறைக்கும் எந்த வசதியையும் தொடுவதற்கு அலுவலகத்தில் தயக்கம் ஏற்பட்டது. அடுத்தவர் ஓரத்தில் கை வைத்தார். 'நேரோ' மார்ஜினில் இடமும் வலமும் 0.25 அங்குலம், அதாவது 6.4 மி.மீ. மட்டுமே, அச்சுக்குரிய அகலம் 284 மி.மீ. ஆனது, குறிப்பு நெடுவரிசை தன் இடத்துக்குத் திரும்பியது. இத்துடன் நிறுத்தியிருக்கலாம். ஓரத்தைக் குறைத்தால் தாள் மிச்சமாகும் என்று கண்டவுடன் மேல், கீழ் ஓரங்களும் 1 செ.மீ. ஆக்கப்பட்டன. பக்கத்துக்கு 32 வரிசைகள் என்பது 35 ஆக உயர்ந்து, 8 பக்கப் பதிவேடு 7 பக்கத்தில் முடிந்தது. கணக்கில் இது வெற்றியே.

ஆனால் ஃபூட்டரில், அதாவது ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் வரும் வரியில், இருந்த பக்க எண்ணுக்கு இடம் இல்லாமற்போனது. பக்கத்தின் தலையில் வரும் ஹெடரும் அடியில் வரும் ஃபூட்டரும் ஓரப் பகுதிக்கு உள்ளே வாழ்பவை. தாளின் விளிம்பிலிருந்து அவை எவ்வளவு தள்ளித் தொடங்க வேண்டும் என்பதற்குத் தனி அளவு உண்டு. நார்மல், நேரோ இரண்டிலும் அந்த அளவு 0.3 அங்குலம், அதாவது 7.6 மி.மீ. கீழ் விளிம்பிலிருந்து 7.6 மி.மீ. தள்ளி நிற்கும் பக்க எண், தன் எழுத்து உயரமான 4 மி.மீ. அளவையும் சேர்த்து 11.6 மி.மீ. வரை எட்டும். ஓரமோ 10 மி.மீ. எக்ஸெல் இதைக் கண்டு அட்டவணையை மேலே தள்ளாது. எண்ணைக் கடைசி வரிசையின்மேல் அச்சிட்டுவிடும். இதைச் சரிசெய்ய ஃபூட்டர் அளவு 0.3 செ.மீ. ஆக்கப்பட்டது. அச்சுப்பொறிகள் தாளை விளிம்பு வரை தொடுவதில்லை. லேசர் வகையில் பலவற்றுக்குச் சுமார் 4 மி.மீ. விளிம்புப் பட்டை எட்டாத பகுதி. சில இங்க்ஜெட் பொறிகளில் கீழ் விளிம்பில் அது இன்னும் கூடுதல். ஆகவே பக்க எண்ணின் அடிப்பாகம் வெட்டுப்பட்டது.

ஹெடரிலும் இதே வகைச் சிக்கல் முன்பே இருந்தது, ஆனால் யாரும் அதைப் பேசவில்லை. அலுவலகப் பெயர், பதிவேட்டின் பெயர், மாதம் என்று மூன்று வரிகள் அங்கே இருந்தன. தமிழ் எழுத்துருக்கள் பலவற்றில் மேலே கொக்கிகளுக்கும் கீழே சுழிகளுக்கும் இடம் விட வேண்டியிருப்பதால் ஒரே பாயிண்ட் அளவிலும் வரியின் உயரம் கூடுதலாக அமைகிறது. மூன்று வரிகளுக்கு 13 மி.மீ. என்று குறைத்தே கணக்கிட்டாலும் 7.6 மி.மீ. சேர்ந்து 20.6 ஆகிறது, நார்மல் மார்ஜினின் மேல் ஓரமே 19 மி.மீ. தான். மூன்றாம் வரி அட்டவணையின் முதல் கோட்டின்மேல் உட்கார்ந்திருந்ததை அலுவலகம் அச்சுப்பொறியின் குணம் என்று ஏற்றுக்கொண்டிருந்தது.

துளை எங்கே விழுகிறது

இரண்டு துளைக் கோப்புகளுக்கான உலகத் தர அளவு ஐ.எஸ்.ஓ. 838. அதன்படி துளையின் விட்டம் 6 மி.மீ., இரண்டு துளைகளின் மையங்களுக்கு இடையே 80 மி.மீ., தாளின் விளிம்பிலிருந்து துளையின் மையம் 12 மி.மீ. எனவே விளிம்பிலிருந்து 9 முதல் 15 மி.மீ. வரையுள்ள பட்டையில் துளை விழும். துளையிடும் ஓரத்துக்கு 15 மி.மீ. என்பது எல்லைக்கோடு, தாளை வைக்கும்போது கை சற்று விலகுவதையும், கோப்பின் கம்பி வளைவில் மறையும் பகுதியையும் சேர்த்தால் 20 முதல் 25 மி.மீ. வரை விடுவது பாதுகாப்பு.

எந்த ஓரம் துளையிடும் ஓரம் என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். கட்டுக்கான இடம் என்றால் இடது ஓரம் என்று கை பழகியிருக்கிறது. நிலைக்குத்தாக அச்சிட்ட கடிதங்களுக்கு அது சரி. ஆனால் அதே கோப்பில் கிடைமட்டத் தாளைச் சேர்க்கும்போது தாளின் நீண்ட விளிம்பே கட்டுப் பக்கம் வருகிறது. கோப்பை ஒரு முறை திருப்பிப் படிக்கும்படி அட்டவணையின் தலை கட்டை நோக்கி வைக்கப்படுவது வழக்கம். ஆகவே கிடைமட்ட விரிதாளுக்குக் கட்டு ஓரம் என்பது மேல் ஓரம். இந்த அலுவலகத்தில் ஒருவர் இடது ஓரத்தை 2.5 செ.மீ. ஆக்கிப் பார்த்து, பயனில்லை என்று மீண்டும் குறைத்த தடயமும் எக்ஸெல் கோப்பின் பழைய பிரதிகளில் கிடைத்தது. அவர் விட்ட இடத்தில் துளை விழவே இல்லை.

மேல் ஓரம் 1 செ.மீ. ஆனபின் நிகழ்ந்தது இதுதான்: நீண்ட விளிம்பின் நடுவிலிருந்து இருபுறமும் 40 மி.மீ. தள்ளி, அதாவது தாளின் இடது விளிம்பிலிருந்து 108.5 மி.மீ., 188.5 மி.மீ. ஆகிய இடங்களில் துளைகள் விழுந்தன. அட்டவணை 10 மி.மீ. இல் தொடங்கியதால், ஒவ்வொரு பக்கத்திலும் முதல் வரிசையில் இரண்டு இடங்கள் சிதைந்தன. ஏழு பக்கங்கள், பதினான்கு துளைகள். முதல் பக்கத்தில் பதிவேட்டின் பெயர் அடிபட்டது. மற்ற ஆறு பக்கங்களில் இருப்பு அளவுகளே அடிபட்டன. கணக்கு ஆவணத்தில் படிக்க முடியாத ஓர் எண் இருந்தால் அந்தத் தாளை மீண்டும் அச்சிட்டு மீண்டும் ஒப்பம் பெற வேண்டும். மிச்சப்படுத்திய ஒரு தாளின் விலை அப்படிக் கழிந்தது.

இந்தக் கட்டத்தில் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். ஓர இடைவெளியை, அட்டவணை போதாதபோது கடன் வாங்கும் மிச்ச நிலமாக எல்லாரும் கருதுகிறார்கள். அதற்கு ஏற்கெனவே மூன்று உரிமையாளர்கள் உண்டு: அச்சுப்பொறி, துளை, ஹெடரும் ஃபூட்டரும். அவர்களுக்கு உரியதைக் கொடுத்தபின் எஞ்சுவதே அட்டவணையின் இடம். அந்த இடத்துக்கு அட்டவணை பொருந்தவில்லை என்றால் குறைய வேண்டியது அட்டவணை.

ஓரங்களை மீண்டும் வகுத்தல்

மேல் ஓரம் துளைக்காக 2.5 செ.மீ. ஹெடர் முற்றிலும் காலியாக்கப்பட்டது. அதிலிருந்த மூன்று வரிகளும் துளைப் பட்டையிலேயே விழுவதால் அங்கே எதை எழுதினாலும் நிலைக்காது. பதிவேட்டின் பெயரும் மாதமும் அட்டவணையின் முதல் இரண்டு வரிசைகளில் ஏற்கெனவே உள்ளன. அலுவலகப் பெயர் சிறிய எழுத்தில் ஃபூட்டரின் இடப்புறத்துக்கு நகர்ந்தது. வலப்புறத்தில் பக்க எண்ணும் மொத்தப் பக்கங்களும். ஃபூட்டருக்கு விளிம்பிலிருந்து 0.8 செ.மீ., கீழ் ஓரத்துக்கு 1.5 செ.மீ.; நடுவில் 7 மி.மீ. இருப்பதால் ஒற்றை வரி வசதியாக அடங்கும். இடமும் வலமும் 1.2 செ.மீ. வைத்தபோது அகலம் 273 மி.மீ. கிடைத்தது, 268 மி.மீ. அட்டவணை குறைக்காமலேயே அடங்கிவிட்டது.

அடுத்து, ஒவ்வொரு பக்கத்திலும் நெடுவரிசைத் தலைப்புகள் மீண்டும் வருமாறு 'பிரிண்ட் டைட்டில்ஸ்' பகுதியில் 3, 4 ஆம் வரிசைகள் குறிக்கப்பட்டன. முன்பு இரண்டாம் பக்கத்திலிருந்து எந்த எண் வரவு, எந்த எண் செலவு என்று நினைவில் வைத்துப் படிக்க வேண்டியிருந்தது. இதைப் புகாராக யாரும் எழுதவில்லை என்றாலும் அச்சமைப்பின் பெரிய குறை இதுவே. திரும்ப வரும் தலைப்புகளுக்கும் இடம் வேண்டும் அல்லவா? பக்கத்தின் உயரம் 210-இல் 25-உம் 15-உம் போக 170 மி.மீ.; 32 வரிசைகள். முதல் பக்கத்தில் மேல் நான்கு வரிசைகள் போக 28; மற்றப் பக்கங்களில் இரண்டு போக 30. எட்டுப் பக்கங்களில் 28-உம் 210-உம் சேர்ந்து 238. பொருள்கள் அனைத்தும் சரியாக எட்டாம் பக்கத்தின் அடியில் முடிந்தன. மொத்தமும் ஒப்பமும் ஒன்பதாம் பக்கத்தில் தனியே நின்றன.

பொருள் எதுவும் இல்லாத தாளில் ஒப்பமிடும்படி ஒருவரைக் கேட்பது முறையன்று. அந்தத் தாளை வேறு எந்தப் பட்டியலோடும் இணைத்துவிடலாம். இதைத் தவிர்க்க இரண்டு வழிகள் ஆராயப்பட்டன. முதலாவது, 'ஃபிட் டு' கட்டங்களில் அகலம் 1, உயரம் 8 என்று இடுவது. அந்த மாதத்துக்கு அது சரியாக அமையும். ஆனால் பொருள்கள் பெருகப் பெருக எக்ஸெல் எட்டுப் பக்கத்துக்குள்ளேயே திணித்து எழுத்தைச் சிறிதாக்கிக்கொண்டே போகும். அது யார் கண்ணிலும் படாமல் நடக்கும். மேலும், ஃபிட் டு இயங்கும்போது கையால் இட்ட பக்க முறிவுகளை எக்ஸெல் பொருட்படுத்துவதில்லை. இரண்டாவது வழி, 'அட்ஜஸ்ட் டு' கட்டத்தில் விழுக்காட்டை நேரடியாக இடுவது. 97 விழுக்காட்டில் வரிசையின் உயரம் 5.13 மி.மீ. ஆகிறது, பக்கத்துக்கு 33 வரிசைகள் அடங்கும், முதல் பக்கத்தில் 29, மற்றவற்றில் 31. எட்டாம் பக்கத்தில் மொத்தமும் ஒப்பமும் உட்பட 25 வரிசைகள் வருகின்றன. இன்னும் 6 பொருள்கள் சேரும் வரை எதையும் தொட வேண்டியதில்லை. அதைத் தாண்டும் மாதத்தில் மொத்தத்துக்குச் சில வரிசைகள் மேலே பக்க முறிவு ஒன்றை இட்டால் ஒப்பம் தனியாகப் போகாது.

இரண்டாவது வழியே ஏற்கப்பட்டது. இதில் இன்னொரு நன்மையும் உண்டு. 97 விழுக்காட்டில் அட்டவணையின் அகலம் 260 மி.மீ. ஆகிறது; 273 மி.மீ. இடத்தில் 13 மி.மீ. மிச்சம். எக்ஸெல்லின் நெடுவரிசை அகலம் கோப்பின் இயல்பு எழுத்துருவில் ஓர் எண்ணுரு எவ்வளவு அகலம் என்பதை அடிப்படையாகக் கொண்டது. அந்த எழுத்துரு இல்லாத கணினியிலோ வேறு அச்சுப்பொறி இயக்கியோடோ திறக்கும்போது அகலம் சற்று மாறும். ஒரு மி.மீ. கூட இடமில்லாமல் அமைத்த தாள், அமைத்தவரின் கணினியில் மட்டுமே சரியாக அச்சாகும். மிச்சமுள்ள இடத்தை இருபுறமும் சமமாகப் பிரிக்க, 'சென்டர் ஆன் பேஜ்' பகுதியில் கிடைமட்டத்துக்கான குறியீடு இடப்பட்டது.

ஒரே கோப்பு, மாதத்துக்கொரு அச்சு

அமைப்பு முடிந்தபின்னும் வேறு சில மாதங்களின் தாள்கள் பழைய தோற்றத்திலேயே அச்சாயின. காரணம், எக்ஸெல்லில் பக்க அமைப்பு கோப்புக்கு உரியதன்று, கோப்பினுள் மாதத்துக்கொன்றாக உள்ள ஒவ்வொரு தாளுக்கும் ('ஷீட்') உரியது. தாளின் பெயரில் வலச்சொடுக்கி 'மூவ் ஆர் காப்பி' வழியாகப் படியெடுத்தால் ஓரமும் அச்சளவும் கூடவே வரும். புதிய தாளைச் சேர்த்து அதில் கட்டங்களை ஒட்டினால் உள்ளடக்கம் மட்டும் வரும். பக்க அமைப்பு வராது. இந்தக் கோப்பில் இரண்டு முறைகளும் கலந்திருந்தன. ஒரு தாளில் காகித அளவே லெட்டர் என்று இருந்தது, அது 279.4 மி.மீ. நீளமே உடையது, ஏ4-ஐவிட 17.6 மி.மீ. குறைவு.

எல்லாத் தாள்களையும் ஒரே நேரத்தில் சீராக்க, சரியாக அமைந்த தாளை முதலில் திறந்து, கன்ட்ரோல் விசையை அழுத்தியபடி மற்றத் தாள்களின் பெயர்களைச் சொடுக்கி, பக்க அமைப்புப் பெட்டியைத் திறந்து, எதையும் மாற்றாமல் ஓகே கொடுத்தால் போதும். முதல் தாளின் ஓரங்கள் மற்றவற்றுக்கும் பரவும். பிரிண்ட் டைட்டில்ஸும் அச்சுப் பரப்பும் இப்படிப் பரவுவதில்லை. கூட்டாகத் தேர்ந்தெடுத்திருக்கும்போது அந்தக் கட்டங்கள் மங்கலாகவே இருக்கும், அவற்றை ஒவ்வொரு தாளிலும் தனித்தனியே இட வேண்டும். வேலை முடிந்ததும் கூட்டுத் தேர்வை மறக்காமல் நீக்குவது அவசியம்: நீக்காமல் ஒரு கட்டத்தில் எண்ணைத் தட்டினால் அது எல்லா மாதங்களிலும் பதிந்துவிடும்.

லிப்ரே ஆபீஸ் கால்க் என்ற மற்றொரு விரிதாள் மென்பொருளில் நிலை வேறு. அங்கே ஓரங்கள் 'பேஜ் ஸ்டைல்' என்ற பாணியில் சேமிக்கப்படுகின்றன. ஒரே பாணியைப் பயன்படுத்தும் தாள்கள் அனைத்தும் ஒரே திருத்தத்தில் மாறும். இத்தகைய பதிவேட்டுக்கு இதுவே பொருத்தமான ஏற்பாடு என்பேன். ஹெடரின் உயரம் உள்ளடக்கத்துக்கு ஏற்பத் தானே கூடும் வசதியும் அங்கே உண்டு. எக்ஸெல்லில் கண்டதுபோல் ஹெடர் அட்டவணையின்மேல் அச்சாகும் சிக்கல் எழாது. கூகுள் ஷீட்ஸில் அச்சுத் திரையிலேயே ஓரங்களை எண்களாக இட முடியும். தலைப்புகள் மீண்டும் வர, அந்த வரிசைகளை முதலில் 'ஃப்ரீஸ்' கட்டளையால் உறைய வைத்திருக்க வேண்டும்.

இரு பக்க அச்சும் பி.டி.எஃப்.உம்

தாளைச் சேமிக்க இரு பக்கமும் அச்சிடலாமா என்ற கேள்வி வந்தது. கட்டு ஓரம் மேலே இருக்கும் கிடைமட்டத் தாளை நீண்ட விளிம்பில் புரட்டும்போது, பின்பக்கத்தின் அடி ஓரம் கட்டுப் பக்கம் வருகிறது. வேர்டில் இருப்பதுபோல் இரட்டைப் பக்கங்களுக்கு ஓரத்தை மாற்றியமைக்கும் வசதி எக்ஸெல்லில் இல்லை. ஆகவே மேலும் கீழும் 2.5 செ.மீ. விட வேண்டும், ஃபூட்டரையும் துளைப் பட்டையிலிருந்து விலக்க வேண்டும். உயரம் 160 மி.மீ. ஆகி, 97 விழுக்காட்டில் பக்கத்துக்கு 31 வரிசைகள். பதிவேடு 9 பக்கம், அதாவது 5 தாள். எட்டுத் தாளுக்குப் பதில் ஐந்து என்பது நல்ல சேமிப்பே. ஆயினும் ஒப்பமிட்ட தாளின் பின்புறம் காலியாக இருக்க வேண்டும் என்று அலுவலகம் விரும்பியதால் ஒற்றைப் பக்க அச்சே தொடர்கிறது.

கடைசியாக, கோப்பைப் பி.டி.எஃப். ஆக்கி வேறொரு கணினியில் அச்சிட்டபோது மேல் ஓரம் 2.5 செ.மீ. ஆக இல்லை. பி.டி.எஃப். திறக்கும் மென்பொருளின் அச்சுப் பெட்டியில் 'ஃபிட்' தேர்வாகியிருந்தது. அச்சுப்பொறி எட்டும் பரப்புக்குள் முழுப் பக்கத்தையும் அது மீண்டும் ஒரு முறை சுருக்கியிருந்தது. 'ஆக்சுவல் சைஸ்' என்று மாற்றி அச்சிட்ட தாளில் அளவுகோல் வைத்துப் பார்த்தபோது மேல் விளிம்பிலிருந்து அட்டவணையின் முதல் கோடு வரை 25 மி.மீ. இருந்தது. அந்தத் தேர்வு, ஓர அளவுகள், 97 விழுக்காடு ஆகிய மூன்றும் இப்போது கோப்பின் முதல் தாளில், அச்சுப் பரப்புக்கு வெளியே உள்ள ஒரு கட்டத்தில் எழுதி வைக்கப்பட்டுள்ளன.